மெல்லச் சுழன்ற தட்டுகள்

1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் நியூயார்க் நகரில் கொலம்பியா நிறுவனம் செய்தியாளர்களை அழைத்து ஒரு புதிய தட்டைச் சுழற்றிக் காட்டியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் முடிய 20 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சென்று தட்டைப் புரட்டிக்கொண்டிருந்த இசை விரும்பிகளுக்கு அது பெரும் விடுதலை. ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர் பலரும் நீள்தட்டின் பிறப்பை அந்த நாளில்தான் வைக்கிறார்கள்.

அந்தக் கணக்கு பிழையானது. அதற்கு 14 ஆண்டுகள் முன்னரே, அதே 33⅓ விரைவில் சுழன்ற தட்டுகள் அமெரிக்கப் பார்வையற்றோரின் வீடுகளில் நாடகங்களையும் புதினங்களையும் திருமறைப் பகுதிகளையும் முழுமையாகப் படித்துக்கொண்டிருந்தன. உலகம் பின்னாளில் இசைக்காகக் கொண்டாடிய அமைப்பு, வீடுகளில் தொடர்ந்து பயன்படும் வடிவில் முதலில் நிலைபெற்றது பேச்சுக்காக, பார்வையற்ற படிப்பாளிகளுக்காக. இந்த முந்துரிமையை அவர்களிடமிருந்து யாரும் திட்டமிட்டுப் பறித்துவிடவில்லை. அந்தத் தட்டுகள் கடைக்கு வரவே இல்லை. கடைக்கு வராத பொருளை வணிக வரலாறு நினைவில் வைப்பதில்லை.

விருப்பம் மட்டும் மிகப் பழையது. தாமஸ் எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்து மீட்டும் பொறியை உருவாக்கினார். மறு ஆண்டே ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில், அந்தப் பொறி எவற்றுக்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் எழுதினார். மடல் சொல்லி எழுதுவிப்பது முதலாவது. அடுத்த வரியிலேயே, பார்வையற்றோர்க்குத் தாமாகப் பேசும் நூல்கள். இசை அதற்குப் பின்னால்தான் வந்தது. ஆயினும் எடிசனின் தகரத்தாள் உருளை ஒரு நிமிட அளவுக்கே பேசியது. பின் வந்த மெழுகு உருளை 2 நிமிடம்; 1908-இல் வந்த மேம்பட்ட உருளை 4 நிமிடம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டும் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு பாட்டுக்கு அது போதும். பத்து மணி நேரம் வாய்விட்டுப் படிக்க வேண்டிய ஒரு புதினத்துக்கு அந்த வகையில் 70 தட்டுகள் வேண்டும். தூக்க முடியாத சுமை, தாங்க முடியாத விலை, அஞ்சலில் ஒன்று உடைந்தால் கதை நடுவில் அறுந்துபோகும். எடிசனின் கனவு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வெறும் கனவாகவே கிடந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

பிரெயில் இருக்கும்போது பேசும் நூல் எதற்கு என்ற கேள்வி அன்றும் எழுந்தது. பிரெயில் மாண்புமிக்க எழுத்து. தன் விரலால் தானே படிக்கும் உரிமையை அளித்தது. ஆனால் அதைச் சிறு வயதில் கற்றவருக்கே விரல் விரைந்து ஓடும். பார்வையற்றோரில் பெரும்பாலோர் நடுவயதிலும் முதுமையிலும் பார்வை இழந்தவர்கள். உழைத்துக் காய்த்துப்போன விரல்நுனி, ஆறு புள்ளிகளின் சிறு மாற்றங்களை அறுபது வயதில் பிரித்தறிய மறுக்கும். நீரிழிவால் பார்வை போனவர்க்கு விரலின் தொடு உணர்வும் மழுங்கியிருக்கக்கூடும். முதல் உலகப் போர் இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தது: வெடியிலும் நச்சுப் புகையிலும் கண்ணிழந்த இளைஞர்கள். அவர்களில் ஒருவர் இயன் ஃபிரேசர். 1916-இல் சோம் போர்க்களத்தில், 18-ஆம் அகவையில், பார்வையை இழந்தார். இலண்டனில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக நடந்த புனித டன்ஸ்டன் இல்லத்தின் தலைமைப் பொறுப்பை மிக இளமையிலேயே ஏற்றார். பிரித்தானியாவில் பேசும் நூல் பிறக்க அவரே முன்னின்றார்.

இனி அந்த எழுபது தட்டுகளை எப்படிக் குறைத்தார்கள் என்பதைப் பார்ப்போம். இந்தக் கதையின் அறிவியல் அனைத்தும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

தட்டின் மேல் ஒரே ஒரு வரிப்பள்ளம்தான் இருக்கிறது. வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுருண்டு செல்கிறது. அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்பதைத் தட்டின் விரைவால் வகுத்தால் பேசும் நேரம் கிடைத்துவிடும். 12 அங்குலத் தட்டில் பதிவுக்கு உரிய பட்டையின் அகலம் 3.4 அங்குல அளவு. பழைய அரக்குத் தட்டில் ஓர் அங்குலத்துக்கு 95 பள்ளம் என்று கொண்டால் மொத்தம் 320 சுற்று. நிமிடத்துக்கு 78 வீதம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே நேரத்தை நீட்ட இரண்டே வழிகள்: பள்ளங்களை நெருக்குவது, சுழற்சியைத் தாழ்த்துவது. அமெரிக்கப் பேசும் நூல் இரண்டையும் செய்தது. அங்குலத்துக்கு 150 பள்ளம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 510 சுற்றை 33⅓-ஆல் வகுத்துப் பாருங்கள், 15 நிமிடம். அந்தப் பள்ளத்தைப் பிரித்து நேராக நீட்டினால் 300 மீட்டரைத் தாண்டும். ஒரு பள்ளத்தின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் உள்ள தொலைவு 0.17 மில்லிமீட்டர்.

33⅓ என்ற விந்தையான எண் பார்வையற்றோருக்காகத் தேர்ந்ததன்று. 1926-இல் ‘வைட்டாஃபோன்’ முறையில் பேசும் படங்கள் வந்தபோது, படத்தின் ஒலியைத் தனித் தட்டில் பதிந்தார்கள். 1,000 அடிப் படச்சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும். அந்த நேரத்துக்கு ஈடுகொடுக்க 16 அங்குலத் தட்டும் இந்த விரைவும் பொருந்தின. 1931-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இதே விரைவில் இசைத்தட்டுகளை விற்க முயன்றது. பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம் அது. முயற்சி விரைவில் கைவிடப்பட்டது. திரைத்துறையும் ஒலியைப் படச்சுருளிலேயே பதியக் கற்றுக்கொண்டு தட்டைத் துறந்தது. வணிகம் இரண்டு முறை கீழே வைத்துவிட்ட விரைவைப் பார்வையற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

சுழற்சியைத் தாழ்த்துவதற்கு விலை இல்லாமலில்லை. 78 சுற்றில் தட்டின் வெளி விளிம்பு ஊசியைக் கடந்து நொடிக்கு 120 சென்டிமீட்டர் அளவில் ஓடுகிறது. 33⅓-இல் அது 50 சென்டிமீட்டராகக் குறைகிறது. உள்சுற்றுகளுக்கு வரும்போது 21 ஆகிவிடுகிறது. நொடிக்கு 4,000 முறை அதிரும் ஒலி ஒன்றைப் பதிந்தால், ஒவ்வொரு அதிர்வுக்கும் உள்சுற்றில் கிடைக்கும் இடம் 21 சென்டிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர். அக்கால ஊசிமுனையின் உருண்டை ஆரமோ 0.07 மில்லிமீட்டர் அளவு. முனை அலையை விடப் பருத்திருந்தால், பள்ளத்தின் நுண்ணிய வளைவுகளுக்குள் அது இறங்காது. மேலாகத் தேய்த்துக்கொண்டு போகும். உயர்ந்த அதிர்வுகள் மழுங்கும். வயலினின் கூர்மையும் தாளக்கருவியின் பளபளப்பும் போய்விடும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலி மங்குவதும் இதனால்தான்.

பேச்சு அந்த இழப்பைத் தாங்கும். வழக்கமான கம்பித் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டும் கடத்துகிறது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் மனிதர் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள், வணிகம் பேசுகிறார்கள், அழுகிறார்கள். உயிரொலிகளின் வடிவம் முழுதும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தின் சில உரசொலிகள் மட்டும் அதற்கு மேலே நிற்கின்றன; அவற்றையும் முன்பின் சொற்களைக் கொண்டு செவி நிறைவு செய்துகொள்கிறது. ஆக, இசைக்கு ஊறாக நின்ற அதே தாழ்ந்த விரைவு பேச்சுக்கு ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது. இசைத்துறை தன் செவியின் நிறைவுக்காகக் காத்திருந்தது. பார்வையற்றோரின் பொறியாளர்களோ ஒரு நூலைப் புரிந்துகொள்ள எவ்வளவு ஒலி போதும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் அவர்களை 14 ஆண்டுகள் முன்னால் நிறுத்தியது.

கேட்டவர்களில் முதல்வர் இராபர்ட் இர்வின். தாமே பார்வையற்றவர்; 1921-இல் தோன்றிய அமெரிக்கப் பார்வையற்றோர் அறநிறுவனத்தின் செயல் தலைவர். கார்னகி அறநிதியம் பொருளுதவி செய்ய, 1932-இல் ஜாக்சன் கிளெபர் என்ற மின்பொறியாளர் பணியமர்த்தப்பட்டார். எடிசனிடம் முன்பு பணியாற்றிய ஃபிராங்க் டயர், நீண்டு பேசும் தட்டுகள் பற்றித் தாம் பெற்றிருந்த காப்புரிமையைப் பார்வையற்றோருக்காகக் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைந்தார். கிளெபர் தட்டின் பொருளையும் மாற்ற வேண்டியிருந்தது. அரக்குத் தட்டில் கல்தூள் போன்ற நிரப்பிகள் கலந்திருக்கும்; அவைதாம் பின்னணியில் ஓயாத இரைச்சலைத் தருபவை. கீழே விழுந்தால் நொறுங்கும். இதனை விட்டு வினைல் வகைச் செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். எடை குறைந்தது, இரைச்சல் அடங்கியது, அஞ்சல் பையில் வளைந்து கொடுத்தது. நெருக்கமான பள்ளம் அழியாதிருக்க ஊசியின் சுமையும் குறைய வேண்டும். பழைய கைச்சுருள் பெட்டிகளின் ஒலித்தலை 100 கிராமுக்கு மேல் அழுத்தும். ஊசியின் அசைவே நேராகத் தகட்டை அதிர்த்து ஒலி எழுப்ப வேண்டியிருந்ததால் அத்தனை எடை. மின்முறையில் ஊசி ஒரு சிறு குறிப்பைத் தந்தால் போதும். எஞ்சியதை மின்குழாய்கள் பெருக்கிக்கொள்ளும்.

அரசின் பணமும் ஏற்கெனவே வழிதேடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் பேராளர் உரூத் பிராட், யூட்டாவின் மேலவை உறுப்பினர் ரீட் இசுமூட் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் சட்டம் 1931 மார்ச் 3 அன்று ஒப்பம் பெற்றது. வயதுவந்த பார்வையற்றோருக்கு நூல் வழங்க, காங்கிரசு நூலகத்துக்கு ஆண்டுதோறும் 1,00,000 டாலர். முதலில் அது பிரெயில் நூல்களுக்கே. 1933-இல் திருத்தம் வந்து ஒலித்தட்டும் நூல் என்று சட்டத்துக்குள் நுழைந்தது. 1934-இல் அந்தத் தட்டுகளை அஞ்சல் கட்டணமின்றி அனுப்பவும் பெறவும் வழி செய்யப்பட்டது. இந்த மூன்றாவது முடிவு மற்ற இரண்டுக்கும் குறைந்ததன்று. கட்டணம் இருந்திருந்தால், சிற்றூர் ஒன்றில் ஓய்வூதியத்தில் வாழும் பார்வையற்ற முதியவருக்கு ஒவ்வொரு புதினமும் ஒரு வார உணவுச் செலவோடு போட்டியிட்டிருக்கும்.

அந்த ஆண்டே முதல் நூல்கள் வந்தன. சங்கீதங்களும் நான்கு நற்செய்திகளும், அமெரிக்க விடுதலை அறிவிப்பும் அரசியல் சட்டமும், சேக்சுபியரின் நாடகங்கள், கிப்ளிங்கின் கதை ஒன்று, அவற்றோடு உட்ஹவுசின் நகைச்சுவை நூலொன்று. இந்தக் கடைசிப் பெயரில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. உடற்குறை உடையோர்க்கு நூல் தேர்ந்து கொடுக்கும் இடங்களில், அவர்களைத் திருத்தவும் தேற்றவும் மட்டுமே படிப்பு என்றொரு எண்ணம் நெடுங்காலம் ஊறியிருந்தது. சிரிப்பதற்காகப் படிக்கும் உரிமையும் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுவிட்டது.

இனிப் பொறிக்கு வருவோம். தொடக்கத்தில் இரு வகை வழங்கின. ஒன்று மின்சாரத்தில் இயங்குவது, ஒலிபெருக்கி உள்ளே. மற்றது கையால் சுருள்வில்லை முறுக்கி ஓட்டுவது. காதில் அணிந்து கேட்பது. இரண்டாவதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் எட்டியிருந்தது.

பெட்டியைத் திறந்தால் சுழல்மேடை, ஊசித்தண்டு, சில திருகுகள். ஒலியின் அளவுக்கு ஒன்று, தன்மைக்கு ஒன்று, சுழற்சியின் விரைவுக்கு ஒன்று. கண்ணுள்ளவர் வீட்டு இசைப்பெட்டியில் ஊசியை வைக்கும்போது, பளபளக்கும் வெற்று விளிம்பையும் பள்ளம் தொடங்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டே கையை இறக்குவார். இங்கே அந்த வேலை முழுவதையும் விரல் செய்கிறது. இடக்கை விரல் தட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. வலக்கை தண்டின் தலையை அந்த விரலை அடையாளமாகக் கொண்டு கொணர்ந்து விடுகிறது. ஊசி விளிம்புக்கு வெளியே விழுந்தால் சுழல்மேடையைக் கீறும். உள்ளே தள்ளி விழுந்தால் முதல் பத்தி போய்விடும், பள்ளமும் புண்படும். சில நாள் பழக்கத்தில் கை அந்தத் தொலைவைக் கற்றுக்கொள்ளும். தட்டின் நடுச்சீட்டில் அச்செழுத்தோடு பிரெயிலும் பொறித்திருந்தார்கள். பிரெயில் நூல் ஒன்றை முழுதும் படிக்க இயலாத விரல்கூட, எத்தனையாவது தட்டு, எந்தப் பக்கம் என்ற எண்ணை மட்டும் தடவி அறிந்துவிடும். அதற்கும் இயலாதவருக்குக் குரலே வழிகாட்டியது. ஒவ்வொரு தட்டும் நூலின் பெயரைச் சொல்லித் தொடங்கும். பக்கம் முடிந்ததையும் எங்கே தொடர வேண்டும் என்பதையும் சொல்லும். ஒரு பத்து மணி நேரப் புதினம் இப்போது 20 தட்டுகளில் அடங்கியது. கேட்டு முடித்தபின் அவற்றை வரிசை பிறழாமல் திரும்ப அடுக்கிக் கட்டி அஞ்சலில் சேர்க்க வேண்டும். இருபதில் ஒன்று இடம் மாறினாலும் அடுத்தவருக்கு இறந்துபோன கதைமாந்தர் மீண்டும் எழுந்து நடமாடுவார். முன்பின் அறியாத ஒருவருக்காக அந்த ஒழுங்கைக் காத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

பொறியின் விலைதான் தடையாக நின்றது. தட்டை நூலகம் இலவசமாக அனுப்பும். சுழற்றுவதற்கு வீட்டில் பொறி வேண்டுமே! ஹெலன் கெல்லர் 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறநிறுவனத்தோடு இணைந்து நிதி திரட்டி வந்தவர். பேசும் நூலுக்காகக் கையேந்தும்படி கேட்டபோது தொடக்கத்தில் அவர் இசையவில்லை. இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நிற்கும் வேளையில் ஒலிப்பொறிக்குப் பணம் கேட்பது அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. பிறகு மனம் மாறினார். மாறியபின் முழு மூச்சோடு இறங்கினார். 19-ஆம் திங்களிலேயே பார்வையோடு செவியையும் இழந்தவர் அவர். அந்தத் தட்டுகளில் ஒரு சொல்லையும் அவர் என்றும் கேட்கப்போவதில்லை. பிறர் செவிக்காக அவர் வெள்ளை மாளிகை வரை வேண்டுகோள் விடுத்தார்.

1935-இல் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் ஆணையால் பேசும் நூல் பொறிகளைச் செய்யும் பணி, வேலையிழந்தோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கெல்லரின் மனத்தை முதலில் உறுத்திய வேலையின்மையே பொறிக்கு வழி திறந்தது. 1942 வரை நடந்த அந்தத் திட்டம் 23,000-க்கும் மேற்பட்ட பொறிகளைச் செய்து தந்தது. அவை அரசின் உடைமையாக, நூலகங்களின் வழியே, வேண்டியவர்க்கு இரவலாகச் சென்றன.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஃபிரேசரும் தேசியப் பார்வையற்றோர் நிறுவனமும் இன்னும் துணிந்து தாழ்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தது நிமிடத்துக்கு 24 சுற்று. பள்ளங்களும் மேலும் நெருங்கின. ஒரு பக்கம் 25 நிமிடம் பேசிற்று. ஒரு புதினம் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் முடிந்தது. தட்டு மட்டும் அரக்கிலேயே தொடர்ந்தது. 1935 நவம்பரில் பணி தொடங்கியபோது முதல் நூல்களுள் அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்டு கொலைக் கதையும் ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’ கதையும் இருந்தன. கடலில் சூறாவளியோடு போராடும் கப்பலின் கதை நான்கு தட்டுகளில் நின்றது. ஆனால் ஒரு வருத்தம். அமெரிக்கர் 33⅓, பிரித்தானியர் 24. ஒருவர் பதிந்ததை மற்றவர் பொறியில் கேட்க வழியில்லை. ஒரே மொழி பேசும் இரு நாட்டுப் பார்வையற்றோர் நூல்களைப் பகிர்ந்துகொள்ள முடியாமற் போனது. சில தந்திகளும் சில மடல்களும் தீர்த்திருக்கக்கூடிய வேறுபாடு அது என்று எண்ணும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

படித்த குரல்களைப் பற்றிச் சொல்லாமல் தட்டைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. எப்படிப் படிப்பது என்பதற்கு அன்று முன்மாதிரியே இல்லை. வானொலி நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம். ஆகவே தொடக்கத்தில் சில பதிவுகளில் பல குரல்களையும் பின்னணி ஓசைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கேட்போரிடையே கருத்து பிளந்தது. பார்வையுள்ளவர் தாளில் நூலைப் படிக்கும்போது கதவு தட்டும் ஓசை தாளிலிருந்து எழுவதில்லை, தாமே எண்ணிக்கொள்கிறார். அந்த உரிமையைத் தம்மிடமிருந்து ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் வேண்டியது நூலை. நூலின் மீது ஏறி நின்று நடிக்கும் ஒருவரை அன்று. பிறந்து வளர்ந்த மரபு, நடிப்புக்கும் உயிரற்ற படிப்புக்கும் நடுவே ஒரு நேரிய பாதையைக் கண்டது. குரல் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் ஆசிரியனை மறைக்கக் கூடாது.

அலெக்சாண்டர் ஸ்கோர்பி என்ற நடிகரைப் பலரும் இந்தக் கலையின் முதன்மையானவராகக் கருதுகிறார்கள். 1937-இல் பதிவறைக்குள் வந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 400-க்கும் மிகுதியான நூல்களைப் படித்தார். ஆங்கில விவிலியம் முழுவதையும் படித்தார். அன்றைய பதிவில் திருத்தம் என்பதே இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒலிநாடா இன்னும் வரவில்லை; படிப்பவரின் குரல் நேராகத் தட்டில் பள்ளமாக வெட்டப்பட்டது. பதினான்காவது நிமிடத்தில் நாக்கு பிறழ்ந்தால் அந்தப் பக்கம் முழுதும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தின் கடைசிச் சொற்றொடர் பள்ளத்தின் முடிவோடு பொருந்தி நிற்கவும் வேண்டும், நடுச்சொல்லில் அறுந்துவிடலாகாது. மூச்சையும் கடிகாரத்தையும் கதையையும் ஒருங்கே தாங்கிய உழைப்பு அது.

இந்தத் தட்டுகள் பார்வையற்றோருக்கு மட்டுமே என்ற அறிவிப்பு ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் ஒலிக்கும். நூலாசிரியர்களும் பதிப்பாளர்களும் அந்த உறுதியின் பேரில்தான் இசைந்தார்கள்: விற்பனை இல்லை, வானொலியில் ஒலிபரப்பு இல்லை, படிகளுக்கு வரம்பு உண்டு. காலப்போக்கில் அந்த உறுதிக்குப் பொறியியலும் காவல் நின்றது. 1948-க்குப் பின் எல்லார் வீட்டிலும் 33⅓ பொறி வந்துவிட்டதல்லவா? பேசும் நூல்கள் மேலும் கீழே இறங்கின. 1962-இல் அமெரிக்க நூல்கள் 10 அங்குலத் தட்டுக்கும் 16⅔ சுற்றுக்கும் மாறின. 1960-களின் இறுதியில் இதழ்களும் 1970-களின் தொடக்கத்தில் நூல்களும் 8⅓ சுற்றுக்கு வந்தன. கடைப் பொறிகளில் 8⅓ என்ற விரைவே கிடையாது. நேரமும் இரட்டித்தது, காப்பும் கிடைத்தது. தாள் போல் வளையும் மெல்லிய தட்டுகளில் செய்தி இதழ்கள் அச்சுப் படியோடு ஒத்த காலத்தில் அஞ்சலில் வந்து சேர்ந்தன. கேட்டபின் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

8⅓-இல் இயற்பியல் தன் எல்லையைத் தொட்டது. 10 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பு நொடிக்கு 11 சென்டிமீட்டர் நகர்கிறது. உள்சுற்றில் 4 சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். நொடிக்கு 4,000 அதிர்வு என்றால் ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இடம். நீள்தட்டுக்கு உரிய நுண்ணிய ஊசியின் ஆரமே 0.025 மில்லிமீட்டர். தட்டின் நடுவில் உரசொலிகள் மங்கிப்போயின. ஆயினும் சொல் புரிந்தது. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் புரிந்திருக்காது.

கேட்போரும் இதற்கிடையில் தம் வழியில் ஒரு கண்டுபிடிப்பைச் செய்துகொண்டிருந்தார்கள். விரைவுத் திருகு, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டவும் குரலைச் செம்மையாக்கவும் வைத்தது. அவர்கள் அதை விரைந்து படிப்பதற்குத் திருப்பினார்கள். கண்ணால் படிப்பவர், வாய்விட்டுப் படிப்பவரை விட மிக விரைந்து போவார். பார்வையற்ற மாணவர் அதே பாடத்துக்கு இரு மடங்கு நேரம் உட்கார வேண்டியிருந்தது. திருகைத் திருப்பினால் நேரம் மிஞ்சும். தட்டின் விரைவைக் கால் பங்கு கூட்டினால் குரலின் சுருதியும் கால் பங்கு ஏறும். ஆடவர் குரல் மெலிந்து கேட்கும். பழகிய செவி அதைப் பொருட்படுத்தவில்லை. சுருதி ஏறாமல் பேச்சை விரைவாக்கும் கருவிகளைத் தேடி ஆய்வுகள் நடந்ததற்கும் இந்த மாணவர்களின் தேவை ஒரு பெருந்தூண்டல். இன்று கைப்பேசியில் உரைகளை ஒன்றரை மடங்கு விரைவில் கேட்போர் பயன்படுத்துவது, அவர்கள் திருகில் தொடங்கிய பழக்கத்தைத்தான்.

ஒலிநாடா வந்து தட்டுகளை மெல்ல ஓரம் தள்ளியது. பிரித்தானியா 1960-இல் நாடாவுக்குத் திரும்பியது. அமெரிக்காவில் 1969-இல் நாடாப்பேழை நுழைந்தது. பின்னர் வழக்கமான விரைவில் பாதியில் நான்கு தடங்களாகப் பதிந்து, 90 நிமிடப் பேழையில் 6 மணி நேரம் அடக்கினார்கள். அங்கும் அதே தாழ்த்தும் வித்தைதான். வளையும் தட்டுகளில் வந்த இதழ்கள் மட்டும் 21-ஆம் நூற்றாண்டின் வாயில் வரை நின்றன.

பழைய தட்டுகளில் எஞ்சியவை சில. பல, இரவல் நூல்களாகக் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோயின. மற்றவை புதியவை வந்ததும் அழிக்கப்பட்டன. கான்ராடின் ‘டைஃபூன்’ பதிவு முற்றிலும் மறைந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். 2016-இல் அந்த நான்கு அரக்குத் தட்டுகள் கனடாவில் ஒரு சேகரிப்பாளரிடம் இருந்து வெளிப்பட்டன. முழு நூல் ஒன்றின் ஒலிப்பதிவில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

வீட்டுப் பரணிலோ பழைய பொருள் கடையிலோ 8⅓ சுற்றுத் தட்டு ஒன்று கிடைத்தால் அதைக் காக்க இன்றும் வழி உண்டு. உரிய பொறி இல்லையென்றால் 33⅓-இல் சுழற்றி, கணினியில் பதிந்து, பிறகு நான்கு மடங்கு மெதுவாக்கலாம். 4,000 ஹெர்ட்ஸ் ஒலி அப்போது 16,000 ஆக எழும். நல்ல ஊசித்தலைக்கு அது எட்டும் எல்லைதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பள்ளத்தின் அசைவளவு மாறாமல் அதிர்வு நான்கு மடங்கானால், ஊசிமுனை தாங்க வேண்டிய முடுக்கம் பதினாறு மடங்கு ஏறும். ஆகவே தேய்ந்த ஊசியைக் கொண்டு இதைச் செய்யவே கூடாது. வளையும் தட்டைத் தட்டையான கனத்த தட்டின் மேல் விரித்து, முடிந்தால் 16⅔-இல் ஓட்டுவது நலம். அடுத்தது, பெருக்கியில் இயல்பாக நடக்கும் ஒலிச்சமன் திருத்தத்தை நிறுத்திவிட்டு, பதிவை மெதுவாக்கிய பின்னரே அதனைக் கணினியில் செய்ய வேண்டும். முன்பே செய்தால் திருத்தம் தவறான அதிர்வெண்களில் விழும். படித்தவரின் குரல் அடித்தொண்டை கெட்டு ஒலிக்கும். தட்டை முதலில் வெதுவெதுப்பான தூயநீரில் கழுவி உலர்த்துங்கள். கையில் இருப்பது பழைய அரக்குத் தட்டாயின் எரிசாராயம் ஒரு துளியும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.